வாட்டைக் கூட்டினால் முகம் தெரியுமா?

ஒரு படப்பிடிப்பில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமம். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படிக்கும் ஐந்து பேர் சேர்ந்து, தங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்காக ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வற்றிப்போன ஊர்க் குளத்தைப் பற்றிய படம் அது. மொத்தம் எட்டு நிமிஷம். அதில் முக்கியமான காட்சி ஒன்றுதான். இரவு நேரம், மின்சாரம் இல்லை. அரிக்கேன் விளக்கின் அருகில் உட்கார்ந்து, குளம் நிறைந்திருந்த காலத்தைப் பற்றி ஒரு பாட்டி தன் பேத்தியிடம் சொல்கிறாள். பாட்டியாக நடித்தவர் அந்தக் குழுவில் இருந்த ஒரு மாணவியின் சொந்த அம்மிச்சியே. கொங்கு நாட்டில் தாயைப் பெற்றவரை அப்படித்தான் அழைப்பார்கள்.

முதல் நாள், கூடத்தில் இருந்த டியூப் லைட்டைப் போட்டு எடுத்தார்கள். தலைக்கு மேலிருந்து வந்த வெளிச்சத்தில் அம்மிச்சியின் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தான் தெரிந்தன. “வெளிச்சம் பத்தவில்லை” என்று முடிவு செய்தார்கள். கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரிடம் இரண்டு ஃபோகஸ் லைட்டுகளை வாடகைக்கு வாங்கி வந்தார்கள். ஒவ்வொன்றும் 1,000 வாட்டு. மறுநாள் அவற்றைக் கைபேசிக்கு இருபுறமும் நிறுத்தி எடுத்தார்கள். அம்மிச்சியால் கண்ணைத் திறக்க முடியவில்லை. சுவரில் அவருக்கு இரண்டு நிழல்கள் விழுந்தன. நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் வெள்ளைத் திட்டுகள். மற்ற இடமெல்லாம் தட்டை. மின்சாரம் இல்லாத வீட்டில் இத்தனை வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர் கேட்கமாட்டாரா?

மூன்றாவதாக, கைபேசியிலேயே இருக்கும் முக அழகு வசதியைப் போட்டு அதைச் ‘சரி’ செய்தார்கள். அது முகத்தின் சுருக்கங்களை வழித்து எடுத்தது. நிறத்தையும் இரண்டு படி வெளுப்பாக்கியது. அந்த மாணவி அதைக் கொண்டுபோய்க் காட்டினாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்த அம்மிச்சி, “இது ஆரு கண்ணு?” என்று கேட்டார்.

“நீங்கதான் அம்மிச்சி.”

“நானா?” என்றவர், கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் சினிமாக்காரன் அல்ல. பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியன். ஒளி என்றால் எனக்கு உரிமை உண்டு என்று பிள்ளைகள் நினைத்தார்கள் போலும்.

என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். குறைந்த செலவில் படம் எடுக்கும் மாணவர்கள், விளக்கு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டில் எரியும் பல்புகளே போதும். வெளிச்சம் எத்தனை பெரிய பரப்பிலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தப் பக்கமாக வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கு உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிறீர்கள் அல்லவா? அதே படம்தான் அம்மிச்சியின் மூக்குக்குப் பக்கத்திலும் விழுகிறது. அதை அங்கே அடையாளம் கண்டுகொள்ள யாரும் உங்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

ஒரு டார்ச் விளக்கை ஏற்றிச் சுவருக்கு எதிரே கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். இப்போது டார்ச்சுக்கும் கைக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நிழலின் ஓரம் கரைந்துவிடும். விரல்கள் எங்கே முடிகின்றன என்று சொல்ல முடியாது. டார்ச் மாறவில்லை, வெளிச்சம் புறப்படும் பரப்புதான் மாறியிருக்கிறது. இப்போது கையைப் பொறுத்தவரை விளக்கு என்பது வேட்டிதான்.

இதை அளந்தும் சொல்லலாம். நிழலின் மங்கிய ஓரத்தின் அகலத்தைக் காண ஓர் எளிய வழி உண்டு. விளக்கின் அகலத்தை, நிழல் தரும் பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் உள்ள தூரத்தால் பெருக்குங்கள். அதை விளக்குக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தால் வகுங்கள். ஒத்த முக்கோணங்கள்தாம், வேறொன்றும் இல்லை. மூக்கின் விளிம்பிலிருந்து கன்னம் 2 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் வாங்கி வந்த ஃபோகஸ் லைட்டின் முகப்பு சுமார் 15 செ.மீ. அகலம். அதை 3 மீட்டர் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். 15 பெருக்கல் 2 வகுத்தல் 300. விடை 0.1 செ.மீ.; அதாவது ஒரு மில்லிமீட்டர். மூக்கின் நிழல் கன்னத்தில் மையால் கோடு கிழித்ததுபோல் விழுந்ததற்குக் காரணம் இதுதான். 120 செ.மீ. அகலத்துக்கு விரித்த வேட்டியை 120 செ.மீ. தூரத்தில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? மங்கிய ஓரம் 2 செ.மீ. வரும். நிழலே கன்னம் முழுவதும் பரவி மெல்லக் கரைந்துபோகும்.

இந்தக் கணக்கில் வாட்டு எங்காவது வந்ததா? வரவில்லை. 1,000 வாட்டை 2,000 ஆக்கினாலும் அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டராகவே இருக்கும். இன்னும் கறுப்பாகத்தான் தெரியும்.

நண்பகல் வெயிலில் நின்று படம் எடுத்தால் முகம் ஏன் கடுமையாகத் தெரிகிறது என்பதும் இதே கணக்கில் அடங்கும். சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் தூரமோ சுமார் 15 கோடி கிலோமீட்டர். ஒரு மீட்டருக்கு அப்பால் பிடித்த ஒரு செ.மீ. பொத்தான் அளவுதான் அது நமக்கு. மேகம் மூடியதும் வானமே விளக்காகிவிடுகிறது, நிழல் மறைந்துவிடுகிறது. பெரிய விளக்கு என்றால் பக்கத்தில் இருந்து பார்க்கப் பெரிய விளக்கு என்று பொருள்.

மேகத்தைக் கூரைக்குள் கொண்டுவந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் பெயர் சுப்ரத மித்ரா. 1930இல் பிறந்தவர். சத்யஜித் ராய் தம் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’யை 1952இல் தொடங்கியபோது மித்ரா அதன் ஒளிப்பதிவாளர். அதற்கு முன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்துக்கு வந்து ‘தி ரிவர்’ என்ற படத்தை எடுத்தபோது, நாள்தோறும் வேடிக்கை பார்க்கப் போய், விளக்குகள் எங்கெங்கே நிற்கின்றன என்று தம் நோட்டில் படம் வரைந்துகொண்டு வந்தார். அவர் பெற்ற பயிற்சி அவ்வளவுதான். ‘பதேர் பாஞ்சாலி’யோ பணம் இல்லாமல் பலமுறை நின்று, மேற்கு வங்க அரசு உதவியபின் 1955இல் வெளிவந்த படம். குறைந்த செலவுப் படம் என்றால் என்னவென்று அந்தக் குழுவுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த படமான ‘அபராஜிதோ’ 1956இல் வந்தது. கதை காசியில் தொடங்குகிறது. நடுவே திறந்த முற்றமும் சுற்றிலும் அறைகளும் கொண்ட பழைய காசி வீடு. அந்த வீட்டுக்குள் சூரியன் நேராக இறங்குவதில்லை. மேலே தெரியும் வானத் துண்டிலிருந்து நிழலே இல்லாத வெளிச்சம் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கும். அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் அமைப்பது என்று முடிவாயிற்று. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா வீட்டைக் கட்டிவிடுவார். வானத்தை எப்படிக் கட்டுவது? ஸ்டூடியோ விளக்குகளைக் கொண்டு அந்த வெளிச்சத்தைக் கொண்டுவர முடியாது என்று மித்ரா வாதாடிப் பார்த்தார். வாதம் எடுபடவில்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். முற்றத்துக்கு மேலே, வானம் இருக்கவேண்டிய இடத்தில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியை விரித்தார். விளக்குகளைக் கீழே வைத்து, நடிகர்கள் பக்கம் திருப்பாமல், மேல்நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, முற்றத்தில் காசியின் பகலாக இறங்கியது.

அக்காலத்தில் ஸ்டூடியோ வழக்கம் வேறு. விளக்குகளை நேராக நடிகர் மேல் காட்டுவார்கள். முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, தலைமயிர் பளபளக்கப் பின்னால் ஒன்று. பகல் காட்சியிலும் ஒருவருக்கு மூன்று நிழல் விழும், யாரும் கவலைப்படுவதில்லை. அங்கே வெளிச்சத்தைக் கூரையில் மோதவிட்டு வாங்குவது, பாதிக்கு மேல் வீணாக்கும் வேலையாகத் தோன்றியிருக்கும். வீணாவது உண்மைதான். ஆனால் அந்த வீண்செலவுக்குப் பதிலாக மித்ராவுக்குக் கிடைத்தது ஒரு வானம். இன்று நம் நாட்டுப் படப்பிடிப்புகளில் வெள்ளைத் தெர்மாகோல் பலகையைத் தாங்கிக்கொண்டு ஒரு லைட்மேன் நிற்பதைப் பார்க்கிறோமே, அந்தப் பலகை செய்வதும் மித்ராவின் துணி செய்த அதே வேலைதான்.

இனி தூரம். விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருக்கிறீர்கள். 1 மீட்டரில் இருந்த விளக்கை 2 மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். இதை எல்லாரும் நஷ்டக் கணக்காகவே படிக்கிறோம். படம் எடுப்பவர் இதை லாபக் கணக்காகத் திருப்பலாம்.

அம்மிச்சிக்கு 2 மீட்டர் பின்னால் சுவர் இருக்கிறது என்போம். விளக்கு அவர் முகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால், சுவருக்கு 5 மீட்டர். சுவரில் விழும் வெளிச்சம் முகத்தில் விழுவதில் 25இல் 9 பங்கு. மூன்றில் ஒன்றுக்கும் மேல். சுவர் பளிச்சென்று தெரியும். இரவு என்று யாரும் நம்பமாட்டார்கள். அதே விளக்கை முகத்துக்கு 1 மீட்டர் அருகில் கொண்டுவாருங்கள். சுவர் 3 மீட்டர். இப்போது சுவருக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்குதான். முகத்தில் வெளிச்சம் ஒன்பது மடங்கு கூடியிருக்கிறது. சுவர் இரவுக்குள் போய்விட்டது. விளக்கை நகர்த்தியதைத் தவிர நாம் வேறொன்றும் செய்யவில்லை. வேட்டி போன்ற பெரிய பரப்புக்கு, மிக அருகில் இருக்கும்போது, இந்த விதி அப்படியே பொருந்தாது. வெளிச்சம் இன்னும் மெதுவாகக் குறையும். ஆனால் போக்கு இதுதான். நடிகரைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

இங்கே ஒரு மாணவன் என்னை மடக்கினான். “ஐயா, கைபேசியின் கண் ரொம்பச் சின்னது. வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் வருகிறதே! அதனால்தான் பெரிய லைட் வாங்கினோம்” என்றான். நியாயமான வாதம். அவன் சொன்ன மணலுக்கும் பௌதிகக் காரணம் உண்டு. ஒளி, ஃபோட்டான் என்ற துகள்களாக வந்து சேர்கிறது. தகரக் கூரையில் மழைத் துளி விழுவதுபோல் ஒரு புள்ளியில் கொஞ்சம் கூடுதலாகவும் பக்கத்துப் புள்ளியில் கொஞ்சம் குறைவாகவும் விழும். சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 10 இருக்கும், அதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலம். நூற்றுக்குப் பத்து என்றால் கண்ணுக்குத் தெரியும். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, நூற்றுக்கு ஒன்றுதான். கண் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே வெளிச்சத்துக்கு ஒரு கீழ் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த எல்லையைப் பணத்தால் தாண்டியவர்களும் உண்டு. ஸ்டான்லி குப்ரிக் தம் ‘பேரி லிண்டன்’ படத்தில், 1975இல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்சி எடுப்பதற்காக, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கென்று ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்த அபூர்வமான லென்ஸைத் தேடிப் பிடித்து வாங்கினார். நமக்கு அது எதற்கு? விளக்கைப் பாதித் தூரத்துக்கு நகர்த்தினால் நாலு மடங்கு ஃபோட்டான்கள் இலவசமாக வந்துவிடுகின்றனவே!

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அழகு வசதி. பிள்ளைகள் அதை ஏன் போட்டார்கள் என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “அம்மிச்சி கறுப்பா இருக்காங்க சார், அதனால முகம் சரியா விழலை” என்றாள் ஒரு பெண். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாமெல்லாரும் அப்படித்தான் சொல்லப் பழகியிருக்கிறோம். ஸ்டூடியோவில் பவுடர் டப்பாவை நீட்டிய போட்டோகிராபரை எனக்கும் நினைவிருக்கிறது.

ஆனால் குற்றம் முகத்தில் இல்லை. கேமராவுக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. தன் முன்னால் இருப்பதை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, அந்தச் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டு ஒளியின் அளவைத் தீர்மானிக்கும். விழும் ஒளியில் நூற்றுக்கு 18 பங்கைத் திருப்பி அனுப்பும் பரப்பைத்தான் நெடுங்காலமாக அந்த நடுத்தரச் சாம்பலாகக் கொள்கிறார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரோ நூற்றுக்கு 80 பங்கு அளவுக்குத் திருப்பி அனுப்பும். படத்தில் முக்கால் பாகம் அந்தச் சுவர் இருந்தால், கேமரா ‘அம்மாடி, எவ்வளவு வெளிச்சம்!’ என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடும். சுவர் சாம்பலாகும், அதன் முன்னால் இருக்கும் மாநிற முகமும் கறுத்த முகமும் விவரம் இழந்து இருண்டுபோகும். முகத்தைத் தேடிப் பிடிக்கும் புதிய கைபேசிகள் ஓரளவு திருத்திக்கொள்கின்றன. சுவர் மிகவும் பெரிதாக இருந்தால் அவையும் தடுமாறுகின்றன.

இதில் வரலாறும் கலந்திருக்கிறது. வண்ணப் படச் சுருள் வந்த காலத்தில், அச்சிடும் நிலையங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரால் அதை ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். அந்தப் பெண்ணின் தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று பொருள். கறுப்பினக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் ஒன்றாக உட்கார்ந்த பள்ளிப் படத்தில் ஒரு முகம் மட்டும் கண்ணும் பல்லுமாக விழுந்தால், அதைத் தவறு என்று சொல்ல அந்த அட்டையில் ஒன்றுமில்லை. கனடாவின் கன்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் இந்த வரலாற்றை ஆராய்ந்து 2009இல் எழுதினார். பழுப்பு நிறங்களின் வேறுபாடு சரியாக விழவில்லை என்று மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் விற்பவர்களும் முறையிட்டது, நிறுவனம் படச்சுருளைத் திருத்தியதற்கு ஒரு தூண்டுதலாக இருந்தது என்று அதில் பதிவு செய்திருக்கிறார். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990களில்தான் வந்தது. பலருடைய முகங்கள் இருண்டு விழுந்ததற்கு, யாரோ ஒருவர் மேஜையில் வைத்திருந்த அட்டையும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது! கைபேசியின் அழகு வசதியைப் பார்க்கும்போது, அந்த அட்டை மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

கறுத்த தோலுக்கு ஒளி அமைப்பது கடினம் என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். தோலில் விழும் ஒளி இரண்டு விதமாகத் திரும்புகிறது. உள்ளே புகுந்து, மெலனின் என்ற நிறமியிடம் ஒரு பங்கை இழந்து, சிதறி வெளிவருவது ஒன்று. உள்ளே புகாமல், மேற்பரப்பிலேயே கண்ணாடியில் போலத் தெறிப்பது இன்னொன்று. நேராக விழும் ஒளியில் சுமார் மூன்று, நான்கு விழுக்காடு இப்படித் தெறிக்கும். சாய்வாக விழுந்தால் இன்னும் கூடும். இந்த இரண்டாவது ஒளிக்கும் நிறமிக்கும் சம்பந்தமே இல்லை. கறுத்த முகத்தில் முதல்வகை ஒளி குறைவு என்பதால், இந்தப் பளபளப்பு எடுப்பாகத் தெரிகிறது. பளபளப்பு என்பது விளக்கின் பிம்பம். விளக்கு பொத்தான் அளவில் இருந்தால் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அதைக் கண்டுதான் பவுடரைத் தேடி ஓடுகிறோம். விளக்கு வேட்டி அளவில் இருந்தால் அதே பளபளப்பு கன்னத்தின் வளைவெல்லாம் மெதுவாகப் பரவி, எலும்பின் வடிவத்தைச் செதுக்கிக் காட்டும். அமெரிக்காவில் 2016இல் வெளிவந்த ‘மூன்லைட்’ படத்தில் நடிகர்களின் முகத்துப் பளபளப்பைப் பவுடரால் அமுக்காமல், எண்ணெய் பூசி வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். நம் பாட்டிமார் அதைத் தேங்காயெண்ணெயால் நாள்தோறும் செய்துகொள்கிறார்கள்.

நிறத்தைப் பற்றியும் மினுக்கலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மெழுகுவர்த்தியின் ஒளி சுமார் 1,900 கெல்வின், பழைய இழை பல்பு சுமார் 2,700, ‘கூல் டேலைட்’ என்று பெட்டியில் போட்ட எல்.இ.டி. பல்பு 6,500. இவற்றைக் கலந்து எரித்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் தெரியும். எது வேண்டுமோ அதை மட்டும் எரித்துவிட்டு மற்றதை அணையுங்கள். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் சில விளக்குகளின் வெளிச்சம் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கைபேசியில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் முழு எண்ணிக்கையில் துடிப்புகள் அடங்கிவிடும். 1/60 என்று வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

அம்மிச்சியைச் சமாதானப்படுத்தி மறுபடி உட்காரவைக்க மூன்று நாளாயிற்று. ஃபோகஸ் லைட்டுகளை ஏற்கனவே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவற்றைப் பக்கத்தில் துணி வைத்து ஒருபோதும் முயலாதீர்கள். அந்தச் சூட்டில் துணி தீப்பிடிக்கும். எல்.இ.டி. பல்பு என்றாலும் துணி அதைத் தொடக் கூடாது.

டியூப் லைட்டை அணைத்தோம். கொடிக்கயிற்றில் ஒரு நாலு முழ வேட்டியை விரித்துத் தொங்கவிட்டு, அதன் பின்னால் மஞ்சள் ஒளி தரும் ஒரே ஒரு 9 வாட்டு எல்.இ.டி. பல்பை ஒரு மீட்டர் தள்ளி எரித்தோம். ஒரு பல்பே போதும் என்று நான் ஆசிரியத் தோரணையில் சொல்லியிருந்தேன். படம் முழுக்க மணல்! என்னை மடக்கிய பையன் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். துணி விழுங்கும் ஒளியை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். மேலும் இரண்டு பல்புகளைச் சேர்த்து, மூன்றையும் வேட்டிக்கு அரை மீட்டர் பின்னால், ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு மாட்டினோம். மிக ஒட்டி வைத்தால் வேட்டியில் மூன்று வட்டங்கள் மட்டும் ஒளிரும். விளக்கு மறுபடி சின்னதாகிவிடும். இப்போது மொத்தம் 27 வாட்டு. முன்பு 2,000.

அம்மிச்சியைச் சுவரை விட்டு 2 மீட்டர் முன்னால் கொண்டுவந்தோம். வேட்டி அவருக்கு ஒரு பக்கமாக, அரிக்கேன் விளக்கு இருந்த அதே திசையில், கைபேசியின் பார்வைக்கு வெளியே தொங்கியது. வெளிச்சம் அரிக்கேனிலிருந்துதான் வருகிறது என்று பார்ப்பவர் நம்புவார். ஆனால் முகத்தின் மறுபாதியும் மங்காமல் தட்டையாகத் தெரிந்தது. சுண்ணாம்புச் சுவர்கள் நாலாபுறமும் ஒளியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. ஆகவே அந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டோம். சினிமாக்காரர்கள் வெளிச்சத்தை வெட்ட வைக்கும் கறுப்புத் தட்டியைக் கட்டர் என்பார்கள். எங்களுக்குக் கம்பளிதான் கட்டர். பின்சுவருக்கும் ஒரு பழுப்புப் போர்வை. கைபேசியில் முகத்தின் மேல் விரலை அழுத்தி, ஒளியின் அளவு மாறாதபடி பூட்டினோம். அழகு வசதியை அந்த மாணவியே அணைத்தாள்.

எடுத்து முடித்ததும் அவள் கைபேசியைக் கொண்டுபோய் நீட்டினாள். அம்மிச்சி வாங்க மறுத்தார்; பிறகு வாங்கினார். பின்னால் சுவரே இல்லாததுபோல் இருட்டு. ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் மெல்ல மெல்ல அந்த இருட்டுக்குள்ளும் போயின. சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. மூக்குத்தியில் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம். அது வேட்டியின் பிம்பம்.

“இந்த மூக்குத்தி உங்க அப்புச்சி பவானியில வாங்கியாந்தது” என்றார் அம்மிச்சி. படத்தில் இல்லாத கதை ஒன்று அதன்பின் அரைமணி நேரம் நடந்தது. அதை யாரும் பதிவு செய்யவில்லை.

அந்தக் காட்சியில் இன்னும் ஒரு குறை இருக்கிறது. பக்கத்து அறையில் ஓடிய மின்விசிறியின் இரைச்சல் முழுவதும் பதிவாகியிருக்கிறது. மின்சாரம் இல்லாத வீட்டில் மின்விசிறி! ஒலியைப் பற்றி வேறொரு மாதம் பார்ப்போம்.